வீட்டுக்கு அனுப்பும் தண்டனை

திருநகர்ப் பக்கம் உள்ள அந்தப் பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிட்டது பிள்ளைக்கு உதவி செய்ய அல்ல. டி.சி. கொடுத்து அனுப்ப ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டரின் கையெழுத்து அவர்களுக்குத் தேவைப்பட்டது. இந்தப் பிள்ளை சாதாரணப் பள்ளியில் படிக்க லாயக்கில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவைக்கிறேன்: பாதி இடங்களில் நம்மைக் கூப்பிடுவது இதற்குத்தான்.

1. நின்றுகொண்டிருந்த அம்மா

அறையில் தாளாளர் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பிள்ளையின் அம்மா முருகேஸ்வரி நின்றுகொண்டிருந்தார். திருமங்கலத்தில் நைட்டி தைக்கும் யூனிட்டில் அவருக்கு வேலை. போன் வந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு பஸ் ஏறியவர், கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றவில்லை.

மகள் தர்ஷினிக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அன்று பக்கத்துப் பிள்ளையின் கையை ரத்தம் வரக் கடித்திருந்தாள். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். கடிபட்டதும் ஒரு குழந்தைதான். ஆனால் தாளாளரின் கோபம் வேறு மாதிரி இருந்தது.

“பொம்பளப் புள்ளையா மேடம் இது? ஆம்பளப் பய அடிச்சாக்கூடச் சேட்டைன்னு விட்டுரலாம். வீட்டுல வளர்ப்பு சரியில்ல,” என்றார், அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே.

அப்பாவைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். அவர் வேலைக்குப் போகிறவர், எதற்குத் தொந்தரவு என்றார். கழுத்தில் டேப்போடு நிற்கிறவர் எங்கிருந்து வந்ததாக அவர் நினைத்தாரோ தெரியவில்லை. வகுப்பில் உட்கார்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்து முருகேஸ்வரியிடம் வீட்டு நிலவரம் கேட்டேன். டி.வி.யை மகள் உடைத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குச் சொல்லும்போதே பிள்ளையை விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். புருஷன் பெல்ட்டை எடுப்பார். அடித்து முடித்தபின் பழி இவர் தலையில் விழும்.

“அடிச்சாத் திருந்திரும்ங்கிறாக டீச்சர். நானும் அடிச்சுப் பாத்துட்டேன். எங்ககிட்ட கத்துக்கிட்டு இப்ப என்னையவே அடிக்குது,” என்றார். கை கன்றிப்போயிருந்ததைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

2. பரிசு

எங்கள் வேலையில் பிள்ளை செய்ததை மட்டும் பார்ப்பதில்லை. அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்றும் பார்ப்போம். முன்னால் நடப்பதை ட்ரிக்கர் என்போம். மறுநாள் அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தமிழ்ப் பாடத்தில் ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து சத்தமாக வாசிக்க வேண்டும். முறை நெருங்க நெருங்க தர்ஷினி பென்சிலைக் கடித்தாள், காலை ஆட்டினாள். முன்பெஞ்சுப் பிள்ளை வாசித்துவிட்டு உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்தவளின் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

உடனே பையை மாட்டி வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அம்மாவுக்குப் போன் போனது. அவர் வந்து பிள்ளையை யூனிட்டுக்கே அழைத்துப் போனார். நானும் கூடவே பஸ் ஏறினேன். அங்கே மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள் தர்ஷினி. அத்தனை சமர்த்து.

அங்கேயே தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியவில்லை. நாலாம் வகுப்புவரை அதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. வாசிக்க வேண்டிய நேரத்திலெல்லாம் அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், பிறகு எப்படித் தெரியும்? தண்டனை என்று நினைத்து அவர்கள் கொடுத்தது பரிசு. அடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பள்ளிக்கூடம்தான். வளர்ப்பு சரியில்லையாம்.

3. பையை எடுக்காத நாள்

ஒரு மாதம் அவளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று தாளாளரிடம் கேட்டேன். மற்ற பிள்ளைகளுக்குக் கை எட்டாதபடி ஆசிரியையின் பக்கத்தில் அவளுக்கு இடம். வாசிப்பு எல்லோர் முன்னாலும் வேண்டாம், தனியாக. தாங்க முடியாதபோது காட்ட ஒரு மஞ்சள் அட்டை. அதைக் காட்டினால் குழாயடிக்குப் போய் முகம் கழுவலாம், ஆனால் திரும்பி வர வேண்டும். தாளாளர் அரைமனதாக ஒத்துக்கொண்டார். முதலில் சேட்டை கூடும் என்றும் எச்சரித்தேன். வழக்கமாகத் திறக்கும் கதவு திறக்காவிட்டால் யாரும் முதலில் ஓங்கித்தான் தட்டுவார்கள்.

கூடியது. அவள் எறிந்த டஸ்டர் பட்டு வகுப்பாசிரியையின் கண்ணாடி உடைந்தது. தாளாளர் டி.சி.யைத் தயாராக வைத்துக்கொண்டு முருகேஸ்வரிக்கும் எனக்கும் போன் போட்டார். நான் போனபோது தர்ஷினி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். முருகேஸ்வரி அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி, வகுப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

“நான் கூட்டிட்டுப் போக வரல சார். ஸ்கூல் விடுற வரைக்கும் இங்கன வராந்தாவுலயே இருக்கேன். டி.சி. குடுத்தா வாங்கமாட்டேன்.”

தர்ஷினி கத்தினாள், தரையில் புரண்டாள், அம்மாவை உதைத்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் முழுக்க வந்தார். அதற்குள் யூனிட்டில் அவருடைய மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் தன் வேலையைச் செய்வதற்காக ஒரு பெண் தன் வேலையை இழந்தார்.

வகுப்பாசிரியையும் விடவில்லை. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு தினமும் அவளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் வாசிப்பு நேரத்தில் தர்ஷினி மஞ்சள் அட்டையை நீட்டினாள். குழாயடிக்குப் போனாள். முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அவளுக்கு இன்னமும் கோபம் வரும், சில நாள் கையும் ஓங்கும். ஆனால் பள்ளியில் இருந்தாள்.

பெற்றோர் கூட்டத்தில், தங்கள் பள்ளியின் டிசிப்ளினால் ஒரு பிள்ளை திருந்திவிட்டதாகத் தாளாளர் எல்லோரிடமும் சொன்னார். பிறகு முருகேஸ்வரியை அறைக்கு அழைத்து, மறுபடி ஏதாவது என்றால் போன் வரும், உடனே வந்துவிட வேண்டும் என்றார். முருகேஸ்வரி சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவ அப்பாவுக்குப் போடுங்க சார். நம்பரு உங்ககிட்ட இருக்கு. நான் இப்பத்தான் வேற எடத்துல வேலைக்குச் சேந்திருக்கேன்.”

அதிலிருந்து எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பேச்சை ஆரம்பிக்கும் முன் நான் இரண்டு நாற்காலி கேட்கிறேன். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அப்பா வராவிட்டாலும் அந்த நாற்காலியை எடுக்க விடுவதில்லை. அது காலியாகக் கிடப்பதை எல்லோரும் பார்க்கட்டும்.