கரண்டு போன இடத்துல நின்ன வஞ்சப்புகழ்ச்சி

அறுபதுகளோட கடைசியில எனக்கு ஒரு வியாதி வந்துது. யாருக்குக் கல்யாணம்னாலும் வாழ்த்து மடல் எழுதற வியாதி.

அப்போல்லாம் ரோஸ் கலர் தாள்ல சுத்திப் பூங்கொடி போட்டு, நடுவுல பாட்டு மாதிரி ஒண்ணை அச்சடிச்சு, மாப்பிள்ளையோட கூட்டாளிங்க மைக்குல படிச்சு, கண்ணாடி போட்டு மாட்டிக் குடுத்தாத்தான் கல்யாணம் நிறைஞ்ச மாதிரி இருக்கும். அந்தப் பாட்டை எழுத ஒருத்தன் வேணுமே. பெரிய காஞ்சிபுரத்துல எங்க தெருமுனைப் படிப்பகத்துல நான் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பேன். அந்த ஒரே தகுதியில என்னைப் புடிச்சுப் போட்டுட்டாங்க.

நான் தறி நெய்யறவன். பள்ளிக்கூடத்துல படிச்சதுல கணக்கு போச்சு, இங்கிலீஷ் போச்சு, அணி இலக்கணம் மட்டும் போவாம ஒட்டிக்கினுது. உவமை, உருவகம், உயர்வு நவிற்சின்னு வாத்தியார் சொல்லிக் குடுத்ததை எல்லாம் நான் ஊரு மாப்பிள்ளைங்க தலையில கொட்டினேன். எவனா இருந்தாலும் சிங்கம். பொண்ணு யாரா இருந்தாலும் நிலா. ஒரு சிங்கம் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கினு, மூக்கைச் சிந்திக்கினு மணையில குந்தியிருந்துது. நான் அசரல. உவமைன்னா அப்பிடித்தான்னு சொல்லிட்டேன்.

படிக்கிறது என் கூட்டாளி. வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தான். எழுத்து அவனுக்கு வராது, ஆனா தொண்டை இருந்துது. அவன் மைக்கைப் புடிச்சா அடுத்த தெருவுல தூங்கற குழந்தை எழுந்துக்கும். சரக்கு என்னுது, தொண்டை அவன்து. நல்லா ஓடிக்கினு இருந்துது.

எழுபதுகள்ல எனக்கே கல்யாணம் வந்துது. பொண்ணு வீடு பிள்ளையார்பாளையம். அவங்களும் தறிக்காரங்க. எல்லாம் பேசி முடிச்சப்புறம்தான் எனக்கு ஒரு கவலை வந்துது. என் கல்யாணத்துக்கு யாரு வாழ்த்து மடல் எழுதறது? கூட்டாளியைக் கேட்டேன்.

"நீதான் எழுதணும். வேற யாருக்கு வருது?"

"என்னைப் பத்தி நானே எப்பிடிடா எழுதறது?"

"எழுதினது யாருன்னு எவன் கேக்கப் போறான்? நான் எழுதின மாதிரி படிச்சுட்டுப் போறேன்."

எனக்கும் உள்ளுக்குள்ள அதே ஆசைதான். அவன் சொல்றதுக்காகக் காத்துக்கினு இருந்தேன், அவ்வளவுதான்.

சொந்தக் கல்யாணம், சும்மா சிங்கம் நிலாவோட விட்டா நல்லா இருக்காதுன்னு தோணிச்சு. அதுவரைக்கும் தொடாத ஒரு அணி பாக்கி இருந்துது. வஞ்சப்புகழ்ச்சி. திட்டற மாதிரி ஆரம்பிச்சு, கேக்கறவனுக்குக் கோவம் ஏறி நிக்கறப்போ, அது புகழ்ச்சின்னு திருப்பி விடறது. அதை மாமனாருக்கு வெக்கலாம்னு முடிவு பண்ணேன். திட்டு பெருசா இருந்தாத்தான் திருப்பறப்போ குளிரும். தறிக்காரனுக்குப் பெரிய திட்டு எது? முதலாளி பட்டும் சரிகையும் நிறுத்துக் குடுப்பாரு. நெய்ஞ்ச சேலையைத் திரும்ப நிறுத்து வாங்குவாரு. எடை கொறைஞ்சா அவன் திருடன். அதுக்கு மேல ஒரு திட்டு எங்க ஜாதித் தொழில்ல கெடையாது. அதையே எடுத்தேன். அச்சடிச்சா ரகசியம் வெளிய வந்துடும்னு, கையால எழுதி ஒரே ஒரு தாள் மட்டும் கூட்டாளி பாக்கெட்டுல வெச்சேன்.

கல்யாணத்தன்னிக்கு அவங்க வீட்டு வாசல்ல தெருவை அடைச்சுப் பந்தல். விளக்குக் கம்பத்துல ரெண்டு குழாய் ஸ்பீக்கரு, ஒண்ணு பந்தலைப் பாத்து, ஒண்ணு தெருக்கோடியைப் பாத்து. நான் மாலையோட மணையில குந்திக்கினேன். பொண்ணு உள்ள ரூம்புல புடவை மாத்திக்கினு இருந்துது. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்குதுன்னு ஐயர் சொன்னாரு. மைக்கு சும்மா கெடந்துது. என் கூட்டாளியால மைக்கு சும்மா கெடக்கறதைப் பாக்க முடியாது.

தாளைப் பிரிச்சான், தொண்டையைக் கனைச்சான்.

"பந்தலோரே கேளுங்கள், பாரோரே கேளுங்கள். பெண்ணைப் பெற்ற இந்தப் பெரியவர் ஒரு திருடர். பட்டப்பகலில் பலர் பார்க்கத் திருடுபவர். பட்டைத் திருடினாரா? சரிகையைத் திருடினாரா?"

கரண்டு போயிடுச்சு.

அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, என் கூட்டாளி தொண்டையில பாதி மைக்குக்காரனுதுன்னு. வாயைத் திறந்து அடுத்த வரியைச் சொன்னான், அவன் பக்கத்துல நின்னவனுக்கே கேக்கல. அதுக்குள்ள பந்தல்ல எல்லாரும் எழுந்துட்டாங்க. என் மாமனாரு பந்தக்கால்கிட்ட நின்னுக்கினு இருந்தாரு. முகம் வேற முகமா ஆயிடுச்சு. திரும்பி வீட்டுக்குள்ள பாத்து, "பொண்ணைக் கூட்டிக்கினு வர வாணாம்"னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. நாதஸ்வரக்காரரு வாயிலேர்ந்து நாதஸ்வரத்தை எடுத்துட்டாரு.

பொண்ணோட சித்தப்பா ஒருத்தர், நல்ல ஆகிருதி. என் கூட்டாளி சட்டையைப் புடிச்சுட்டாரு. தாள் கீழ விழுந்து யாரு காலுக்கடியிலயோ போச்சு.

"இன்னாடா சொன்னே எங்க அண்ணனை? யாரு எழுதிக் குடுத்தது இதை?"

கூட்டாளி என்னைப் பாக்கவே இல்ல. நேரா அவரைப் பாத்து, "நான்தான் எழுதினேன்"னான்.

கன்னத்துல ஒண்ணு விழுந்துது. வாங்கிக்கினான். அப்பவும் என் பக்கம் திரும்பல. எனக்காக ஒருத்தன் அடி வாங்கினது அன்னிக்கு ஒரு வாட்டிதான். அதுக்கு நான் இதுவரைக்கும் அவனுக்கு நன்றி சொன்னது இல்ல. சொன்னா, "போடா, உன் உவமையும் நீயும்"பான்.

சித்தப்பா எங்க அம்மா பக்கம் திரும்பினாரு. "ஒரு வாட்டி முதலாளி வீட்டுத் தராசுல கோளாறு. எங்க அண்ணன் நெய்ஞ்ச சேலை எடை கொறைஞ்சுதுன்னு நாலு பேர் முன்னாடி நிறுத்தி வெச்சாங்க. அப்புறம் தராசுதான் தப்புன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சு இன்னா? அந்த மனுஷன் ஆறு மாசம் வெளிய வரல. இப்போ மைக்கு வெச்சு, குழாய் கட்டி, தெருவுக்கே சொல்றீங்க. இதுக்குத்தான் பொண்ணு கேட்டு வந்தீங்களா?"

எனக்கு இது ஒண்ணும் தெரியாது. பொண்ணு பேசறப்போ யாரு இதைச் சொல்லுவாங்க? அம்மா வெளிறிப் போயி என்னைப் பாத்துது. நான் எழுத்து வேலை பாக்கறது அம்மாவுக்குத் தெரியும்.

எழுந்தேன். மாலை ஒரு பக்கமா இழுத்துது.

"நான்தான் எழுதினேன், மாமா."

இதைச் சொன்னா விஷயம் அடங்கும்னு நெனச்சேன். சித்தப்பா சட்டையை விட்டுட்டு என்கிட்ட வந்தாரு.

"மாப்பிள்ளையே மாமனாரைத் திருடன்னு எழுதினாரா? ரொம்ப நல்லா இருக்குதுபா. கூட்டாளி எழுதினான்னா கூட விட்டிருப்பேன்."

"இன்னும் பாதி இருக்குது மாமா. அதைக் கேட்டாத்தான் அர்த்தம் தெரியும். அது வஞ்சப்புகழ்ச்சி."

"வஞ்சமா?"

வாயை வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பேரை எதுக்குச் சொன்னேன்னு இன்னிக்கும் தெரியல.

பந்தலோரமா நாற்காலியில ஒரு பெரியவர் குந்தியிருந்தாரு, யாரு சொந்தமோ தெரியாது. "அந்தப் பாதியைச் சொல்லட்டும்பா. கேட்டுட்டு அடிக்கலாம்"னாரு. அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

தாள் இல்ல. ஆனா நான் எழுதினதை நானே நூறு வாட்டி கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்தவன். கண்ணை மூடிக்கினு ஆரம்பிச்சேன்.

"பட்டைத் தொட்டதில்லை, சரிகை சுட்டதில்லை. பழகியவர் நெஞ்சையெல்லாம் பையப் பையத் திருடினார். திருட்டுப் போன நெஞ்சங்கள் திரும்பி வரக் கேட்டதில்லை. இத்திருடர் வீட்டினிலே சம்பந்தம் செய்தவர்கள் ஏழேழு பிறவிக்கும் கொடுத்து வைத்தவர்கள்."

அங்க நிறுத்தியிருக்கணும். ஆனா மனப்பாடமாச் சொல்றவனுக்கு நடுவுல நிறுத்த வராது, வண்டி சரிவுல போற மாதிரி போயிக்கினே இருக்கும். அடுத்த வரி மாப்பிள்ளையைப் பத்தி.

"மாப்பிள்ளையோ மதிமுகத்தான், மலைபோன்ற தோளுடையான். சிங்கத்தின் நடையுடையான், சிரித்தாலே முத்துதிரும்."

அப்போ நான் எப்பிடி இருப்பேன்னா, காத்தடிச்சா வேட்டிதான் என்னைப் புடிச்சுக்கினு நிக்கும். தோள்ல மாலை நிக்காம சரிஞ்சுக்கினு இருந்துது. ரூம்புக்குள்ளேர்ந்து ஒரு சிரிப்பு வந்துது. அடக்கப் பாத்து முடியாம வெடிச்ச சிரிப்பு. அப்புறம் பந்தல்ல இருந்த பொம்பளைங்க எல்லாம் சேலைத் தலைப்பை வாயில வெச்சுக்கினாங்க. நான் விடாம முத்து உதிர்ந்ததுக்கு அப்புறம் இருந்த ரெண்டு வரியையும் சொல்லி முடிச்சேன். அதுல என் அறிவு கடலா வந்துது.

மாமனாரு சிரிக்கல. அந்த முதல் சிரிப்பு வந்தப்போ மட்டும் ரூம்பு பக்கம் ஒரு வாட்டி திரும்பிப் பாத்தாரு. அது யாரு சிரிப்புன்னு அவருக்குத் தெரியாதா? பெத்தவரு. அப்புறம் என்கிட்ட வந்தாரு.

"சிங்கம், கடலு, இதெல்லாமும் நீயேதான் எழுதினியா?"

"ஆமா மாமா."

"உன்னைப் பத்தி நீயே?"

"ஆமா மாமா."

கொஞ்ச நேரம் என் தோளையே பாத்துக்கினு இருந்தாரு. "தன்னைப் பத்தியே இம்மாம் பொய் சொல்றவன் என்னைப் பத்திச் சொன்னதை யாரு நம்பப் போறாங்க"ன்னாரு. அப்பவும் சிரிக்கல. ஆனா சித்தப்பா சிரிச்சுட்டாரு. என் கூட்டாளி கூட, கன்னத்தைத் தடவிக்கினே.

நான் மணையில குந்தப் போனேன். "குந்தாதே"ன்னாரு மாமனாரு.

"பந்தல்ல இருக்கறவங்க முழுசாக் கேட்டுட்டாங்க. தெருக்கோடியில பாவு விரிச்சிருக்காங்க. அவங்க குழாயில பாதிதான் கேட்டிருப்பாங்க. அந்தப் பாதியோட அவங்க வீட்டுக்குப் போவக் கூடாது."

அவரு சொன்னது வாஸ்தவம். பாவுன்னா தறியில ஏத்தப் போற நீள நூல் மொத்தமும். தெருவோட நீளத்துக்கு இழுத்து விரிச்சு, நூல் அறுந்ததை முடிச்சுப் போட்டுக்கினு இருப்பாங்க. விரிச்சுட்டா கல்யாணம்னாலும் விட்டுட்டு வர முடியாது. கரண்டு எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. முகூர்த்தமும் வந்துக்கினு இருக்குது.

அதனால மாலையும் கழுத்துமா நான் நடந்தேன். பக்கத்துல கூட்டாளி, பின்னாடி சித்தப்பா. நாதஸ்வரக்காரரு இது இன்னா சடங்குன்னு தெரியாம வாசிச்சுக்கினே வந்தாரு. பாவுகிட்ட போயி நின்னு முதல் வரியிலேர்ந்து சொன்னேன். திருடர்னு வந்தப்போ பாவுக்காரங்க ஒருத்தரையொருத்தர் பாத்துக்கினாங்க. நெஞ்சைத் திருடினாருன்னு வந்தப்போ ஒருத்தர், "ஓ, அப்பிடிப் போவுதா"ன்னு தலையாட்டினாரு. நூலை விரல்லேர்ந்து விடல.

"மாப்பிள்ளையைப் பத்தி ஒண்ணு இருக்குதாமே. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டுதே"ன்னாரு இன்னொருத்தர்.

"அது வாணாம்"னேன்.

"சொல்லுபா. எங்களுக்கு மட்டும் கொறைச்சலா?"

சொன்னேன். சிங்கத்தையும் கடலையும் அந்தப் பாவு நீளத்துக்கு ரெண்டு வாட்டி சொல்ல வேண்டியதாப் போச்சு, அந்தக் கோடியில நின்னவங்களுக்குக் கேக்கலியாம்.

திரும்பி வந்தப்போ என் மாமனாரு பந்தக்கால்கிட்டயே நின்னுக்கினு இருந்தாரு. "முழுசாக் கேட்டாங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு. கேட்டாங்கன்னு சித்தப்பா சொன்னாரு. அப்புறம்தான் வீட்டுக்குள்ள பாத்து, பொண்ணைக் கூட்டிக்கினு வாங்கன்னாரு. முகூர்த்தம் தப்பல. தாலி கட்டினப்போ இன்னும் கரண்டு வரல. அதுவும் நல்லதுதான். கூட்டாளி மைக்குல எதையாவது ஆரம்பிச்சிருப்பான்.

யோசிச்சுப் பாத்தா அன்னிக்கு எனக்குக் கெடைச்சது ரொம்ப. எனக்காக அடி வாங்கின கூட்டாளி. கேட்டுட்டு அடிக்கலாம்னு சொன்ன, பேரு தெரியாத பெரியவர். சரியான வரியில சிரிச்ச பொண்டாட்டி. அவ இப்பவும் அதே வரிக்கு அதே மாதிரி சிரிப்பா. கரண்டு போவலன்னா நான் ரெண்டு நிமிஷம் கைத்தட்டல் வாங்கிக்கினு, அந்த மனுஷனுக்குள்ள இன்னா இருக்குதுன்னு தெரியாமலே மாப்பிள்ளையா இருந்திருப்பேன்.

கல்யாணமாகி கொஞ்ச மாசம் கழிச்சு, ஒரு மத்தியானம், ரெண்டு பேரும் சாப்ட்டுட்டுக் குந்தியிருந்தப்போ, அவரே அந்தத் தராசு விஷயத்தைச் சொன்னாரு. நான் கேக்கல. தராசுத் தட்டு எந்தப் பக்கம் சாஞ்சுது, முதலாளி முதல்ல யாரைப் பாத்தாரு, இவரு வீட்டுக்கு எந்த வழியா நடந்து வந்தாரு, எல்லாம். அது மாதிரி, இது போலன்னு ஒரு வார்த்தை வரல. என் பங்குக்கு ஒரு உவமை நாக்கு நுனி வரைக்கும் வந்துது, முழுங்கிட்டேன். என் வாழ்க்கையில நான் முழுங்கின ஒரே உவமை அதுதான்.

சொல்லி முடிச்சுட்டு, "இதை எங்கயாவது பாட்டா எழுதி வெச்சுடாதே"ன்னாரு.

சரின்னேன். இது பாட்டு இல்லன்னு நான் நெனச்சுக்கினு இருக்கேன். அவரு இருந்து படிச்சிருந்தா இன்னா சொல்லியிருப்பாரோ தெரியல. முழுசாப் படிச்சுட்டுத்தான் சொல்லியிருப்பாரு.