இடப்பக்கம் பாயச் சொன்ன சனிக்கிழமை

பின்னேரம் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு நான் வாயைத் திறந்தேன். ஆட்டம் முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று அப்போதுதான் கைபேசியில் பார்த்திருந்தேன். அதனால் நேரம் மறக்கவில்லை.

என் மகள் பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அந்தக் குளிர்கால சீசனில் அவர்கள் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை, சமநிலையில்கூட முடிக்கவில்லை. சனிதோறும் நான் கோலுக்குப் பின்னால் கம்பி வேலியோடு நின்று தமிழில் கத்துவேன். "முன்னுக்கு வா!" "அந்த நெட்டைச்சியை விடாதை!" அங்கே வேறு யாருக்கும் விளங்காது என்பது எங்கள் இருவரின் திருட்டுச் சந்தோஷம். தோற்ற கையோடு வென்ட்வேர்த்வில்லில் ஒரு தமிழ்க் கடையில் கொத்துரொட்டி வாங்கிக் காருக்குள் இருந்தே சாப்பிடுவோம். விட்ட கோல்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவளே சிரிப்பாள். அவள் விடுதிக்குப் போன பிறகு, கிழமையில் அந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்குக் கிடைத்தது. தோல்விகள் எனக்கு உறைக்கவேயில்லை.

அன்று ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடங்களில் எதிரணிக்குப் பெனால்டி. அடிக்க வந்த பெண் முதல் பாதியில் அடித்ததெல்லாம் ஒரே மூலைக்கு என்பதைக் கவனித்திருந்தேன்.

"பிள்ளை, உன்ர இடப்பக்கம் பாய்! இவள் அங்கதான் அடிப்பாள்!"

மகள் இடப்பக்கம் பாய்ந்தாள். பந்து வலப்பக்கம் போனது.

அடித்தவள் தன் அணியினரின் கட்டிப்பிடிப்பிலிருந்து விடுபட்டு வேலிப் பக்கம் பார்த்தாள். "தாங்ஸ், அங்கிள்!" பிறகு என் மகளிடம், "அப்பாட்டச் சொல்லும், எங்கட வீட்டிலயும் தமிழ்தான்."

இருபது வருடமாக சிட்னியின் மேற்கில் இருக்கிறேன். கடையில், ரயிலில், எங்கும் தமிழ் கேட்டுத் திரும்பிப் பார்ப்பவன். ஆனால் அந்த மைதானத்தில் தமிழ் எங்கள் இருவருக்கு மட்டும் சொந்தம் என்று நம்பியிருந்தேன்.

மகள் கையுறைகளைக் கழற்றாமலே வந்தாள். "நான் வலப்பக்கம்தான் பாய இருந்தனான், அப்பா." அவ்வளவுதான். அணியோடு ரயிலில் போய்விட்டாள்.

என் மனைவி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி. வேலை முடிந்து வந்து எல்லாம் கேட்டபின், "அங்க கோல்கீப்பர் அவளோ, நீங்களோ?" என்றாள்.

மறுநாள் மகளிடமிருந்து செய்தி வந்தது: 'இந்த சீசன் இனி வராதீங்கோ.'

மூன்று ஆட்டங்கள் மிச்சம். முதல் சனி புல் வெட்டினேன். இரண்டாம் சனி வெட்டப் புல் இல்லை. மைதானத்துத் தெருமுனைவரை ஓட்டிப்போய்க் காரைத் திருப்பினேன். கொத்துக் கடையில் வாய்ப்பழக்கத்தில் இரண்டு கேட்டுவிட்டு, ஒன்று போதும் என்றேன். 'நல்லதுக்குத்தான் சொன்னனான்' என்று அவளுக்கு எழுதி, அனுப்பாமல் அழித்தேன். எந்தப் பாடம் எடுப்பது, எந்தப் பல்கலைக்கழகம் போவது, எல்லாமே நான் பின்னால் நின்று கத்தியவைதான். பந்து உள்ளே போனதைவிட, அவள் தன் எண்ணத்தை விட்டுவிட்டு என் சொல்லைக் கேட்டுப் பாய்ந்தது என்னை இன்னும் உலுக்குகிறது.

மூன்றாம் சனி, ஐந்து மணியளவில் வாசல் மணி அடித்தது. மகள். முழங்கால் இரண்டும் சேறு.

"அஞ்சுக்குப் பூச்சியம்."

"ஐயோ பிள்ளை..."

"உங்கட உதவி இல்லாமலே அஞ்சும் விட்டனான், அப்பா. தள்ளுங்கோ, உள்ளுக்க வாறன்."