நான் குடிகாரராக்கிய மனிதர்

இறந்துபோன ஒருவரைக் குடிகாரர் என்று எழுதியவள் நான். அவர் குடிகாரர் அல்ல. அது தெரிந்த பிறகும் திருத்தாமல் விட்டவளும் நான்தான்.

அவர் முகம் எனக்குத் தெரியாது. பெயரின் முதலெழுத்துகள் மட்டும் தெரியும். இத்தாலியில் ஏதோ ஒரு சிற்றூர், எழுபத்திரண்டு வயது. மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். கல்லீரல் கெட்டு மூன்றாம் வாரம் இறந்துபோனார். அவருக்கும், அருமனையில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம்.

அதுதான் என் வேலை. அங்கே மாத்திரை சாப்பிட்ட யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், மருத்துவரோ வீட்டாரோ அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதுவார்கள். அது மருந்து நிறுவனத்துக்கு வந்து, ஆங்கிலமாகி, பி.பார்ம் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களின் கணினியில் வந்து விழும். நான் அதைப் படித்து அரைப் பக்கச் சுருக்கம் எழுத வேண்டும். மருந்துதான் காரணமா என்று அதன்மேல் ஒரு மருத்துவர் முடிவு சொல்வார். அவர் பெரும்பாலும் பார்ப்பது என்னுடைய அந்த அரைப் பக்கத்தை மட்டும்தான்.

இவருக்காக எழுதியிருந்தது அவருடைய மகள். பழக்கங்கள் என்ற இடத்தில், ‘தினமும் இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின்’ என்று ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்.

நான் சுருக்கத்தில் எழுதினேன்: ‘நெடுநாளாகத் தினசரி மதுப்பழக்கம் உள்ளவர்.’

கை கூசவே இல்லை. ஏன் கூச வேண்டும்? எங்கள் வீட்டிலும் கிறிஸ்தவச் சபையிலும் குடி என்றால் குடிதான், அதற்கு அளவெல்லாம் கிடையாது. திருவிருந்தில்கூடப் புளிக்காத திராட்சைச் சாறுதான் தருவார்கள். என் அப்பா தினமும் குடித்தார். குடித்தே செத்தார். அவர் சவப்பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, மதுவின் கேட்டைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் நடந்தது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு மூடிக்கொள்ளத் தோன்றவில்லை... கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்றிலிருந்து தினமும் குடிக்கிறவன் எவனாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். கள்ளு, சாராயம், ஒயின் எல்லாம் ஒரே நாற்றம்தான்.

இதைச் சாக்காகச் சொல்கிறேனா? சொல்கிறேன்தான். இதுவரை நடந்ததை அறியாமை என்று நீங்கள் விட்டுவிடவும் கூடும். இனிமேல் சொல்லப்போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

என் வரியைப் படித்த மருத்துவர், மது காரணமாக இருக்கலாம், மருந்துக்குத் தொடர்பில்லை என்று முடிவு செய்தார். அந்த முடிவு அந்நாட்டு அலுவலகம் வழியாக மகளுக்குப் போயிற்று. அவள் பதில் எழுதினாள். எங்கள் வேலையில், ஒரு நோயாளியைப் பற்றி மறுபடி வரும் எதுவும் முதலில் எழுதியவரிடமே வரும். என்னிடமே வந்தது.

‘அப்பா ஒரு நாளும் ஒரு கிளாஸுக்கு மேல் குடித்ததில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் சாப்பிடுவது போலத்தான். நேர்மையாக இருக்க வேண்டும் என்றுதான் அதை எழுதினேன். உங்கள் முடிவைப் படித்ததிலிருந்து அம்மா, இருபது வருடமாக அந்த ஒயினை ஊற்றிக் கொடுத்தது நான்தானே என்று அழுதுகொண்டிருக்கிறாள். தயவுசெய்து திருத்துங்கள்.’

என் அப்பாவைப் பற்றிப் பிரசங்கத்தில் சொன்னதாவது உண்மை... அதையே என்னால் தாங்க முடியவில்லை. இவள் எப்படித் தாங்குவாள்?

என் மேலாளர் பிஜு சார் போனில் கேட்டார். “ஷைனி, அந்த இத்தாலி கேஸ்ல மக புதுசா வல்லதும் சொல்லியிருக்கா?”

“ஒண்ணும் இல்ல சார். சும்மா வருத்தப்பட்டு எழுதியிருக்கு.”

‘புதிய தகவல் ஏதுமில்லை’ என்று பதிந்து மூடினேன். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். “ஏட்டி, சோறு ஆறிப்போவுது. வாறியா இல்லியா?” போய் உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கினேன்.

எதற்காக இதைச் செய்தேன்? திருத்தினால் என் பெயரில் ஒரு பிழை பதிவாகும். அந்த மாதம்தான் என்னைக் குழுத் தலைவியாக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்! இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்லலாமே என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

குழுத் தலைவி ஆனேன். அடுத்த வருடம் அதே மாத்திரையைப் பற்றிச் சந்தேகம் வலுத்து, கல்லீரல் கெட்டவர்களின் பட்டியல் கேட்டார்கள். தயாரித்தது என் குழு. வேறு காரணம் இருப்பவர்களை நீக்க வேண்டும் என்பது விதி. அந்த இத்தாலிக்காரரும் நீங்கினார். என் கண் முன்னாலேயே பட்டியலில் அவருடைய வரி காணாமல் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. அவரையும் சேர்த்திருந்தால் சந்தேகம் முன்னமே வலுத்திருக்குமா, யாராவது பிழைத்திருப்பார்களா? தெரியாது. தெரியாமலிருப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

கடைசியில் அந்த நாட்டில், அந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்கலாம் என்று எச்சரிக்கை வந்தது. அதைப் படித்துவிட்டு மகள் மறுபடி எழுதினாள். ‘இதற்காக நீங்கள் எடுத்துக்கொண்டவர்களில் என் அப்பாவும் உண்டா?’

இல்லை என்பதுதான் பதில். நான் எழுதிய பதில் வேறு. உங்கள் தந்தையைப் பற்றிய தகவல் எங்கள் பாதுகாப்புப் பதிவுகளில் பத்திரமாக உள்ளது, ஒத்துழைப்புக்கு நன்றி என்று எழுதினேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று நன்றாகத் தெரிந்தேதான் எழுதினேன்.

அப்படியே எடுத்துக்கொண்டாள். இரண்டே நாளில் பதில் வந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அம்மா வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினாளாம். முகம் தெரியாத எனக்காக ஜெபித்தார்களாம்.

திருத்தும் அனுமதி இப்போதும் என்னிடம் இருக்கிறது. பல தடவை அந்தப் பதிவைத் திறந்திருக்கிறேன், நேற்றும் திறந்தேன். ஆனால் திருத்தினால், திருத்தப்பட்டது என்ற கடிதம் அந்த வீட்டுக்குப் போகும். இத்தனை நாளும் என் வரி அப்படியேதான் இருந்தது, அவர் கணக்கில் சேரவே இல்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அதை நம்ப வேண்டாம்.