மச்சானின் 'கொஞ்சம்'

போன வாரம் அக்காவின் வீட்டுக்காரருக்கு வயிற்றுவலி. கரவனெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தவரை நானும் அக்காவும் த்ரீவீலரில் ஏற்றி, டவுனில் ஒரு டொக்டரிடம் கொண்டுபோனோம்.

இளம் டொக்டர். சிங்களத்தில் கேட்டார் — "கொச்சர ரிதெனவாத?" எவ்வளவு வலிக்கிறது?

மச்சான் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "டிக்கக் மாத்தயா."

'கொஞ்சம், ஐயா'வாம்! டொக்டர் பாவம், நம்பிவிட்டார். மாத்திரை எழுதத் தொடங்கினார்.

இந்த 'எவ்வளவு' இருக்கிறதே, அது லேசுப்பட்ட கேள்வி இல்லை. ஒருவரிடம் 'எவ்வளவு உயரம்?' என்று கேளுங்கள்... குட்டையானவர்கூடச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். 'எவ்வளவு குட்டை?' என்று கேட்டுப் பாருங்கள். பல் மிஞ்சாது. கேள்வியே தீர்ப்பையும் சொல்லிவிட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

தோட்டத்தில் இன்னும் சிக்கல். காலையில் எல்லாரும் கூடும் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி கேட்பார், "ஒனக்கு எவ்வளவு முடியல?" ரொம்ப என்றால் வீட்டுக்குப் போகச் சொல்வார். அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. ஆகவே காய்ச்சலா? கொஞ்சம். கால் சுளுக்கா? அதுவும் கொஞ்சம். விருந்தில் எவ்வளவு சோறு என்றாலும் கொஞ்சந்தான் — சட்டி காலியாகும், அது வேறு கதை.

அக்காவுக்குத் தெரியாதா இது? சிங்களத்திலேயே நேராகச் சொல்லிவிட்டாள்.

"மாத்தயா, இவரு நேத்துலேர்ந்து யாரையுமே ஏசலங்க. எனக்குப் பயமா இருக்கு."

டொக்டரின் பேனா நின்றது. "மத்த நாள்ல ஏசுவாரா?"

"டீ ஆறிப்போனா என்னய ஏசுவாரு. சுட்டுச்சுன்னா டீய ஏசுவாரு."

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. டொக்டர் மச்சானைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார். மனிதருக்கு உயிர் போய் வந்தது. குடல்வால்... இன்னும் தாமதித்திருந்தால் வெடித்திருக்குமாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அன்றைக்கே ஒப்பரேசன்.

வார்டில் கண் விழித்த மச்சான் முதலில் பார்த்தது அக்காவைத்தான்.

"என்னாத்துக்கு இப்பிடி அழுவுற? செத்தா போயிட்டேன்? போ, மூஞ்சியக் கழுவு."

அக்கா அழுகையோடு சிரித்தாள்.

ஒருவருக்கு வலி எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? அவரைக் கேட்காதீர்கள்... அவரிடம் தினமும் ஏச்சு வாங்குகிறவரைக் கேளுங்கள்.