கழுத்தைத் தள்ளுது

செத்துப்போன என் மனைவி சொன்னது நிஜமா என்று தெரிந்துகொள்ளத்தான் அன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு கும்பகோணத்து எலக்ட்ரீஷியனிடம் போனேன். வண்டியில் வேறு குறை ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் ஓடியது.

கடைசி ஏழு மாதம், வாரத்துக்கு இரண்டு தடவை, டயாலிசிஸுக்காக அவளை அந்தக் காரில்தான் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். சென்னையில் பழைய வண்டியாக வாங்கிய வெளிநாட்டுக் கார். என் பவிசுக்காக வாங்கியது. "ஏங்க, இந்த சீட்டு கழுத்தை முன்னால தள்ளுதுங்க" என்பாள். "சீட்டு தள்ளுதா? வெளிநாட்டு வண்டிடி இது. உனக்கு உடம்பு முடியல, அதான் எல்லாம் குத்தமாத் தெரியுது" என்பேன். வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். பெரிய தாராளம்! பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். வலி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காரியம் முடிந்த மறுநாள், மகளை பஸ் ஏற்றிவிட வலங்கைமானுக்குக் கிளம்பினேன். அம்மாவின் சீட்டில் உட்கார்ந்தவள் இரண்டு தெரு தாண்டுவதற்குள், "என்னப்பா இது, கழுத்தைத் தள்ளுது?" என்றாள். வண்டியை ஓரங்கட்டி, ஏதோ டயரைப் பார்ப்பதுபோல் இறங்கி நின்றேன்.

கும்பகோணம் போகிற வழியெல்லாம், மகள் சொன்னது பிரமையாக இருக்கட்டும், இரண்டு பேருக்கும் பிரமையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

எலக்ட்ரீஷியன் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார். "முன் இடது ஹெட்ரெஸ்ட்ல கோளாறு காட்டுது சார். டேஷ்போர்டுல சிவப்பு லைட்டு எரியணுமே, எரியலையா?"

எரிந்தது. கண்ணை உறுத்துகிறது என்று அவளிடம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு வாங்கி, நான்தான் அதன்மேல் ஒட்டினேன். அவர் நகத்தால் பொட்டை உரித்தார். அடியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு நான் போட்டிருந்த தடித்த சீட் கவரைக் கழற்றினார். ஹெட்ரெஸ்ட்டின் முன்பாதி பின்பாதியை விட்டுப் பிரிந்து மூன்று விரல் அளவு முன்னால் வந்து நின்றது. "பின்னாலேர்ந்து வேற வண்டி இடிச்சா, கழுத்து ஒடியாம இருக்க இது தானா முன்னால வந்து தலையைத் தாங்கும் சார். இது யாரும் இடிக்காமலே வந்து நின்னுட்டுது. கவர் மூடியிருந்ததால தெரியல."

மீட்டரை வைத்து வயர் வயராகத் தொட்டுக்கொண்டே போய், சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளக்கை இழுத்தார். உள்ளே பச்சை பூத்திருந்தது. "தண்ணி எறங்கியிருக்கு. அதுல கரண்டு லீக் ஆகி விசையைத் தட்டிவிட்டுட்டுது. வண்டி வெள்ளத்துல நின்னுச்சா?"

நிற்கவில்லை. நடவு வயலில் பயிர் பிடிக்காமல் சொட்டை விழுந்த இடத்துக்கு நாற்று போதாமல், குடவாசல் பக்கத்திலிருந்து முடி முடியாகக் கட்டிய இருபது கட்டு நாற்றை ஈரம் சொட்டச் சொட்ட அந்த முன்சீட்டில் அடுக்கிக் கொண்டுவந்த புத்திசாலி நான். "வயலையே வண்டிக்குள்ள கொண்டாந்துட்டீங்களே" என்று அவள்தான் சிரித்துக்கொண்டே துடைத்தாள். அதற்கு அடுத்த வாரம் டயாலிசிஸ் ஆரம்பித்தது.

ஆக, அவள் சொன்னது அத்தனையும் நிஜம். கெடுத்ததும் நான், சொன்னவளின் வாயை அடைத்ததும் நான்.

"ஒரு அமுக்கு அமுக்கினா உள்ள போயிடும் சார்" என்று அவர் கையை வைத்தார். "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது. "இப்படியே இருக்கட்டும். நான் அதுல உக்கார்றேன். நீங்க தஞ்சாவூர் வரைக்கும் ஓட்டுங்க." அவர் என் முகத்தைப் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டார்.

சுவாமிமலை தாண்டும்போதே பிடரி கடுக்க ஆரம்பித்துவிட்டது. தலையைச் சாய்க்க வழியில்லை. பக்கத்தில் சாய்த்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணாடி மண்டையில் இடித்தது. அவள் எப்போதும் முகவாயைக் கையால் தாங்கிக்கொண்டே வருவாள். ஏதோ யோசனையில் இருக்கிறாள் என்றல்லவா நினைத்தேன், பாவி! பாபநாசம் வருவதற்குள் என்னால் முடியவில்லை. "நிறுத்துங்க" என்றேன். ரோட்டோரத்தில் நின்று அழுதேன். ஐம்பத்தெட்டு வயசு ஆள், போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க.

அந்த ரோட்டில்தான் ஒருநாள், ஊசி குத்திய கையோடு திரும்பி வரும்போது, "நான் பின்சீட்டுல போய்ப் படுத்துக்கட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"நீ பின்னால உக்காந்துகிட்டா, நான் என்ன ஒனக்கு டிரைவரா?" என்றேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டதோ என்று பயந்து, "இல்லங்க, சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் முன்னாலேயே உட்கார்ந்து வந்தாள்.