ஆற்றைக் கடந்து வந்த வீடு

ரொறொன்ரோவில் நான் இருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் தமிழ் கேட்காத நாள் இல்லை. நான் பார்க்க வந்திருக்கும் ஜேர்மனியின் இந்தக் குக்கிராமத்தில் தமிழன் என்று சின்னம்மாவின் மகன் குகன் ஒருவன்தான். அவனுடைய அகதி வழக்கு இன்னும் இழுபடுகிறது. இங்கேதான் இருக்கவேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிறு மத்தியானம். தெருவில் ஒரு சனம் இல்லை. கறுத்த மரச்சட்டங்களுக்கிடையே களிமண் அடைத்து வெள்ளையடித்த பழைய வீடுகளைக் காட்டிக்கொண்டு வருகிறான். ஒரு சட்டத்தில் இருக்கும் உளிக்கீறல்களைத் தடவுகிறான்.

"இது தச்சன் போட்ட அடையாளம், அண்ணை. எந்தச் சட்டம் எங்கை பூட்டுறதெண்டு. இந்த வீடு முந்தி ஆத்துக்கு அங்காலை இருக்கிற ஊரிலை இருந்ததாம். கழட்டி, வண்டிலிலை ஏத்திக் கொண்டுவந்து திரும்பப் பூட்டியிருக்கினம்."

வீட்டையும் கையோடு கொண்டுவந்த மனிதர்கள். எனக்கு நம்ப முடியவில்லை.

"வா, அந்த ஊரையும் பாப்பம்" என்று கமராவோடு பாலத்தில் ஏறுகிறேன். பாதி வழியில்தான் தெரிகிறது, பக்கத்தில் அவன் இல்லை. கரையிலேயே நிற்கிறான்.

"அங்காலை வேறை மாவட்டம், அண்ணை. வழக்கு முடியுமட்டும் நான் உந்தப் பாலம் தாண்டேலாது."

நான் திரும்பி வரப் பார்க்கிறேன். வேண்டாம் என்று கை காட்டுகிறான்.

"வீடு நிண்ட இடத்திலை இப்ப என்ன இருக்கெண்டு பாத்துவந்து சொல்லுங்கோ."