மரியசெல்வி மறுக்காத இருக்கை

செவ்வாய்க்கிழமை காலை பெரம்பலூரில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு அரியலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது சிவக்குமாரிடமிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற சிமெண்ட் ஆலையில் இப்போதும் உற்பத்திப் பிரிவில் இருப்பவர். காரணமில்லாமல் காலை நேரத்தில் கூப்பிட மாட்டார்.

"சார், நம்ம செல்வி மேடம் போயிட்டாங்க சார்."

எங்கே போய்விட்டார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. முந்தின நாள் மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவர், தலை வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். மூளையில் இரத்தக் கசிவு. திருச்சிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது நாற்பத்தாறு.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பூரித்துப்போய் நிற்கும் அவர் முகம்தான் வந்தது. வேறு எந்த முகத்தோடும் அவரை நினைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. இரங்கல் கட்டுரைக்கு இவ்வளவு உற்சாகம் ஆகுமா என்று கேட்பவர்கள் அவரைப் பார்த்திராதவர்களாகத்தான் இருப்பார்கள்.

மரியசெல்வி ஏலாக்குறிச்சிக்காரர். விவசாயக் குடும்பம். திருச்சியில் வேதியியல் படித்துவிட்டு எங்கள் ஆலையின் ஆய்வகத்தில் சேர்ந்தார். சுரங்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புக் கல்லைச் சோதித்து, சூளைக்குப் போகலாமா கூடாதா என்று சொல்லும் வேலை. நான் அந்தப் பிரிவுகளுக்கெல்லாம் மேலதிகாரி.

அவர் சேர்ந்த முதல் வாரம், என் அறைக்கு ஒரு கையெழுத்துக்காக வந்தார். காபி வந்திருந்தது. மரியாதைக்கு, "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். இப்படிக் கேட்டால் இரண்டு முறை "வேணாம் சார்" என்று சொல்வதும், மூன்றாம் முறை கூச்சத்தோடு வாங்கிக்கொள்வதும் எங்கள் ஆபீஸ் வழக்கம். அவரோ, "குடுங்க சார், காலைலேருந்து ஒண்ணும் சாப்புடல" என்று கையை நீட்டினார். எனக்கிருந்தது ஒரே டம்ளர். அதைக் கொடுத்துவிட்டு, என்ன பெண் இவர் என்று உட்கார்ந்திருந்தேன்.

பல வருஷங்கள் கழித்து ஜெர்மனிப் பயணம் வந்தது. கல்லின் தன்மையை எக்ஸ்ரே கதிரால் சில நிமிடங்களில் சொல்லிவிடும் கருவி ஒன்றை ஆலை வாங்கியது. அனுப்பிவைக்கும் முன் அங்கேயே போய்ச் சோதித்துப் பார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். நான், சிவக்குமார், மரியசெல்வி மூவரும் புறப்பட்டோம். அவருக்கு அதுதான் முதல் விமானம். கணவர் அருள்ராஜ், மகள், கொழுந்தனார் குடும்பம் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் சென்னை வரை வந்து வழியனுப்பினார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டிக்கொண்டே இருந்தார்கள். இவரும் திரும்பித் திரும்பிக் கையாட்டியதில் இரண்டு பேர் மேல் மோதிக்கொண்டார்.

கவுண்டரில் இருந்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் இடம் நிரம்பிவிட்டது, உங்களில் ஒருவருக்கு பிசினஸ் கிளாஸ் கொடுத்திருக்கிறோம் என்றார். அவர் நீட்டிய இருக்கை அட்டையில் இருந்தது மரியசெல்வியின் பெயர்.

சிவக்குமார் உடனே அவர் காதோரம் குனிந்தார். "மேடம், சாருக்குக் குடுத்துடுங்க. பெரியவரு பின்னாடி உக்காந்து நீங்க முன்னாடி போனா நல்லாவா இருக்கும்?"

எனக்கும் அது நன்றாகக் கேட்டது. எதிர்ச்சுவரில் இருந்த விளம்பரத்தைப் படிப்பதுபோல் நின்றேன்.

மரியசெல்வி நேராக என் முன்னால் வந்து நின்றார். "சார், முன்னாடி சீட்டு எனக்கு வந்துருக்கு. உங்களுக்கு வேணுமா?"

"அட, எனக்கு எதுக்கும்மா? பரவாயில்ல."

"நெஜமாவா சார்? கால்வலி கீல்வலி இருந்தாச் சொல்லுங்க, இப்பவே மாத்தித் தரச் சொல்றேன்."

"பரவாயில்லம்மா. நீங்களே போங்க."

மூன்றாம் முறை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் வாங்கிக்கொள்வதாக இருந்தேன். அவர் கேட்கவில்லை. "அப்ப நான் போறேன் சார்!" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி நடந்தார்.

பிசினஸ் கிளாஸ்காரர்களை முதலில் ஏற்றினார்கள். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த அகலமான இருக்கைகளைத் தாண்டித்தான் பின்னால் போக வேண்டியிருந்தது. செல்வி அதற்குள் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டிருந்தார். கால் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும், "சார்! இங்க பாருங்க, அப்புடியே கட்டில் மாதிரி ஆவுது!" என்று கத்தினார். சுற்றி இருந்த கோட் போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அவரைத் தெரியாதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

எனக்குக் கிடைத்தது கழிவறைக்கு முந்தின வரிசை, நடு இருக்கை. பத்து மணி நேரப் பயணத்தில் முதல் நான்கு மணி நேரமும் நான் மனத்துக்குள் செய்தது ஒரே வேலைதான். மரியாதை தெரியாதவர், மேலதிகாரி என்ற நினைப்பில்லாதவர் என்று அவர்மேல் குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு அவரே வந்தார். குரலைத் தாழ்த்தி, "சார், மீதி ஆறு மணி நேரம் நீங்க அங்க உக்காருங்க. ஏர்ஹோஸ்டஸ்கிட்ட கேட்டுட்டேன், மாத்திக்கச் சொல்லிட்டாங்க" என்றார்.

"வேணாம்மா."

"சார், உங்களுக்கு அது வேணும்னு இருந்துச்சு, இல்ல? ஒரே ஒரு தடவ நெஜத்தச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"பரவாயில்லன்னுதான் சொல்றேன்ல?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் சிவக்குமார் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.  செல்வி திரையை விலக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

ஜெர்மனியில் முதல் நாள் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. அந்த ஊர் இன்ஜினியர் வேகமாக விளக்கிக்கொண்டே போனார். நானும் சிவக்குமாரும் பாதி புரியாமலே தலையாட்டினோம். செல்வி மட்டும் கையை உயர்த்தினார். தன் ஆங்கிலத்தில், எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றார். அன்றைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று தெரியாது. எனக்கு மானம் போவதுபோல் இருந்தது.

இரண்டாம் நாள் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். செல்வி தன் பையிலிருந்து மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். எங்கள் சுரங்கத்துக் கல்லை அரைத்த மாவு. துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

"சார், அவங்க கல்ல வச்சே எல்லாம் காட்டுறாங்க. நம்ம கல்லு கிளிஞ்சலும் சிப்பியுமாக் கெடக்குற கல்லு. இத ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோம் சார்."

"இன்னும் எத்தனை கேள்வி செல்வி? ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றேன்.

"ஊருக்குப் போயிட்டா அவங்கள எங்க புடிக்கிறது? கையெழுத்துப் போட்டுடாதீங்க சார், ப்ளீஸ்."

ஓட்டினார்கள். திரையில் எண்கள் வந்தன. செல்வி ஊரிலேயே பழைய முறையில் சோதித்து எழுதிவைத்திருந்த தாளைப் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மறுபடி ஓட்டினார்கள், அதே தப்பு. அந்த இன்ஜினியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். செல்வி அவர்கள் நடுவில் நின்று கையாலும் பென்சிலாலும் ஏதேதோ விளக்கினார். மதியச் சாப்பாட்டை எல்லோரும் மறந்துபோனோம். மாலையில் கணக்கீட்டைத் திருத்தி மூன்றாம் தடவை ஓட்டியபோது இரண்டு தாள்களும் ஒத்துப்போயின.

"வந்துருச்சு சார்! நம்ம கல்லு வந்துருச்சு!" என்று அவர் துள்ளியதைப் பார்த்து அந்த இன்ஜினியர் கைதட்டினார். நானும் தட்டினேன். அப்படியே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தால் சூளைக்குப் போகும் கலவையே தப்பாகியிருக்கும். பதில் சொல்ல வேண்டியவன் நான்.

ஊர் திரும்பிச் சில மாதங்களில் ஆய்வகத் தலைவர் பதவி காலியானது. செல்வியைப் பற்றிய மதிப்பீட்டுப் படிவம் என் மேஜைக்கு வந்தது. 'மேலதிகாரிகளிடம் அனுசரணை' என்று அதில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் 'போதாது' என்று எழுதினேன். ஜெர்மனியில் நடந்ததெல்லாம் தெரிந்தும் எழுதினேன். எழுதிய பிறகு பேனா நகரவில்லை. அந்தச் சொல்லை எழுதவைத்தது அவருடைய குறையா, என் நடு இருக்கையா என்று எனக்கே தெரிந்திருந்தது. படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆய்வகத்துக்கு நடந்தேன்.

"செல்வி, அன்னைக்கு எனக்கு அந்த சீட்டு வேணும்னுதான் இருந்துச்சு."

அவர் கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தார். "அய்யோ சார்! அத அங்கயே சொல்றதுக்கு என்ன? மீதி ஆறு மணி நேரமும் அநியாயமா அந்த சந்துல உக்காந்துருந்தீங்களே!" சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு சிரிப்பு அடங்கியது. "நீங்க வேணாம்னதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஏறும்போது என்னைத் தெரியாத மாதிரி போனீங்க பாருங்க, அதுக்குத்தான் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் சாப்பாடு கொண்டாந்துட்டாங்க, சாப்புட்டேன். நல்லா இருந்துச்சு சார், பொய் சொல்லக் கூடாது."

நான் மன்னிப்புக் கேட்டேன். என் உத்தியோக வாழ்க்கையில் எனக்குக் கீழே இருந்த ஒருவரிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. புதிய படிவத்தில் நான் எழுதியதை அவர் கடைசிவரை பார்க்கவில்லை. ஆய்வகத் தலைவரானார். நான் ஓய்வு பெறும்வரை, கூட்டங்களில் நான் புரியாமல் தலையாட்டினால் மேஜைக்கு எதிர்ப்பக்கமிருந்து ஒரு பார்வை வரும். உடனே, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டுவிடுவேன்.

அடக்கத் திருப்பலி புதன்கிழமை மாலை மாதா கோயிலில் நடந்தது. ஆய்வகத்திலிருந்து ஷிப்ட் முடிந்த கையோடு வந்தவர்கள் சீருடையிலேயே நின்றார்கள். பூசை முடிந்ததும் அருள்ராஜ் என்னிடம் வந்து, "ரெண்டு வார்த்த பேசுங்க சார்" என்றார். எழுதிக் கொண்டுவந்த தாள் சட்டைப் பையில் இருந்தது. பீடத்தின் முன் போய் நின்று பெட்டியைப் பார்த்தேன். அந்தத் தாளை எடுக்கத் தோன்றவில்லை.

இங்கே எழுதியதையெல்லாம் அங்கே சொன்னேன். நான் விளம்பரம் படித்ததை, நடு இருக்கையை, முகம் திருப்பிக்கொண்டதை, கிழித்த படிவத்தை. 'கட்டில் மாதிரி ஆவுது' என்ற இடத்தில் சிவக்குமார் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அவருக்குப் பின்னால் சீருடைக்காரர்கள் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு எழும்பியது. பாதிரியார் தலையைக் குனிந்துகொண்டார்; தோள் குலுங்கியது. கடைசியில் அருள்ராஜும் மகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு ஓயும் முன்னே ஆய்வகத்துப் பெண்கள் நான்கு பேர் முன்வந்தார்கள். ஆண்கள் விலகி வழிவிட, அவர்களே தங்கள் தலைவியின் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். கோயில் வாசலைத் தாண்டியபோது மேற்கு வெயில் அதன்மேல் முழுதாக விழுந்தது.

போய் வாருங்கள், செல்வி. உங்களோடு வேலை பார்த்தவன் என்று எந்தக் கூட்டத்திலும் இனி நான் உரக்கச் சொல்வேன்.